சர்க்கரையும் இழுப்பும் ஒரு சாவியும்

கொடைக்கானலில் சாக்லேட் செய்து விற்கிற ஒருத்திக்குச் சர்க்கரை வியாதி வந்தால் ஊரே நீதிபதி ஆகிவிடும். எனக்கு வந்தபோது பால்காரர் சிரித்தார். பக்கத்துக் கடையில் ஸ்வெட்டர் விற்கிறவள் ஒரு படி மேலே போய், "பின்ன, நாள் முழுக்க அதுக்குள்ளயே நின்னா நாக்கு சும்மாவா இருக்கும்?" என்றாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நாள் முழுக்க ஸ்வெட்டருக்குள்ள நிக்கிற நீ ஏன் இப்பிடி நடுங்குற?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நாள் அவள் என்னோடு பேசவில்லை, எனக்கும் நிம்மதியாக இருந்தது.

உண்மை என்னவென்றால் நான் சாக்லேட் தின்பதில்லை. வியாதிக்குப் பயந்து அல்ல, அதற்கு முன்னாலேயே விட்டுப்போயிற்று. காலையிலிருந்து அந்த வாசனைக்குள் நின்று கட்டியை உருக்கி, முந்திரியும் திராட்சையும் போட்டு, அச்சில் ஊற்றிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் நாக்கு கருவாட்டுக் குழம்பைத்தான் தேடும். ருசி பார்ப்பது என் கணவரின் வேலை. டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், முழங்கால் வலி வந்ததும் வேனை விற்றுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, ஏதோ பெரிய தீர்ப்பு சொல்லப்போகிறவர் மாதிரி காக்க வைத்து, கடைசியில் "நல்லாத்தான் கெடக்கு" என்பார். இத்தனை வருஷத்தில் வேறு எதுவும் சொன்னதில்லை.

வீட்டின் முன்பக்கம் கடை. அதை ஒட்டி சாக்லேட் அறை. அங்கே அடுப்பைத் தவிர எல்லாமே சில்லென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாக்லேட் கட்டாது. பின்பக்கம் பழைய சமையலறை, விறகு அடுப்போடு. கேஸ் வந்த பிறகும் அந்த அடுப்பை நாங்கள் இடிக்கவில்லை. மழைக்காலத்தில் மனிதர் உட்காருவதற்கு இந்த மலையில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

சர்க்கரை வந்து சேர்ந்தது பிற்பாடுதான். மூச்சிழுப்பு என்னோடு கூடப் பிறந்தது. வில்பட்டியில் கேரட் தோட்டத்து ஈரத்தில் வளர்ந்தவள் நான். ஐப்பசி பிறந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே இருந்த ஒரு வயதான டாக்டர் சின்னதாக வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார், ரொம்ப முடியாவிட்டால் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி. அற்புதமான மாத்திரை. ரெண்டு வேளை போட்டால் பூனைக்குட்டி ஓடிப்போகும். அந்த டாக்டர் ஊரைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. மாத்திரை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மெடிக்கலில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றாலே பையன் எடுத்துக் கொடுத்துவிடுவான், பேர் சொல்லக்கூட வேண்டாம்.

சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர் பழனியில். பஞ்சாமிர்தக் கடைகளுக்கு நடுவே, ஒரு மாடியில் சர்க்கரை டாக்டர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த ஊரின் குறும்பைப் பாருங்கள். என் கணவர் மலைமேல் முருகனையும் கீழே டாக்டரையும் ஒரே பஸ் டிக்கெட்டில் முடித்துவிடுவார். முழங்கால் வலித்தாலும் வேண்டுதல் என்று அவர் படியேறி மலைக்குப் போவார், நான் விஞ்சு ரயிலில் போவேன். கீழே இறங்கி டாக்டர். அந்த டாக்டரம்மா சின்னப் பெண், என் மகள் வயசுதான் இருக்கும். ரொம்ப அன்பாக ஒரே ஒரு உத்தரவு போட்டாள்: "தெனமும் காலைல வெள்ளனே எந்திரிச்சு நல்லா நடங்கம்மா."

வெள்ளனே எழுந்து நடப்பதாம், கொடைக்கானலில்! பனிக்குள் நடந்தால் இழுப்பு வரும். நடக்காவிட்டால் சர்க்கரை ஏறும். என் உடம்புக்குள் இரண்டு ஓரகத்திகள் குடித்தனம் நடத்துகிறார்கள், ஒருத்தி கதவைத் திற என்றால் மற்றவள் சாத்து என்பாள். கடைசியில் நான் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். கணவர் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் கடந்து போகும்போதெல்லாம் பேப்பர் படபடக்கும். "எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் எதிர்ப்பக்கமா சுத்து" என்பார்.

இனி இதில் பூண்டு நுழைந்த கதைக்கு வருகிறேன். அவருடைய ஊர் பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்களில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா, எனக்கு மதினி. எங்கள் மலைப்பூண்டை எடுத்ததும் விற்றுவிட முடியாது. தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, மூங்கில் கம்பில் தொங்கவிட்டு, கீழே சருகும் ஈர விறகும் போட்டுப் புகை காட்ட வேண்டும். புகை குடித்த பூண்டுதான் கெடாமல் நிற்கும், அதற்குத்தான் மவுசு. முன்பெல்லாம் எங்கள் பங்கும் மதினி வீட்டிலேயே புகை குடித்துக் காய்ந்து, மூட்டையாக வந்து சேரும். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருஷம் மதினி ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

"ஏ புள்ள, தெனம் வெறும் வயித்துல பச்சப் பூண்டு தின்னு. சக்கர எங்க இருக்குன்னு தேடணும். இழுப்புக்கும் அதான் மருந்து. ஆனா ஒன்னு, சொந்த அடுப்புப் பொகையில காஞ்ச பூண்டுதான் ஒடம்புல சேரும்."

இந்தக் கடைசி வரி எந்த வைத்தியத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மதினி வீட்டில் பூண்டைத் தொங்கவிட இடம் போதவில்லையோ என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் என் கணவர் அக்கா சொன்னால் அப்பீல் கிடையாது என்கிற ஆள். ஆவணியில் எடுத்த பூண்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, பின்கட்டுச் சமையலறையில் விறகு அடுப்புக்கு மேலே வரிசையாகத் தொங்கவிட்டார். மேலே அண்ணாந்து பார்த்தால் கூரை தெரியாது. மழை விடாமல் பெய்ததால் பூண்டு காயவில்லை. காயாததால் புகை நிற்கவில்லை. கார்த்திகை பிறந்தும் அந்த அடுப்பு அணையவே இல்லை. காலையில் ஒரு பல் பச்சைப்பூண்டு, இரவில் பூண்டுப் பால். பகலில் சாக்லேட் அறைக் குளிரில் விறைத்துப்போகும் நேரமெல்லாம் அந்த அடுப்படியில் மணையைப் போட்டு நான் உட்கார்ந்து கொள்வேன். கதகதப்பாக, சுகமாக இருக்கும். இழுப்பு அந்த வருஷம் வழக்கத்தைவிட அதிகம்தான். மலையில் யாருக்கு இழுத்தாலும் பனியைத்தான் திட்டுவோம். நானும் பனியைத் திட்டிக்கொண்டே மாத்திரையைப் போட்டேன், பூண்டுப் பாலைக் குடித்துக்கொண்டே அடுப்பருகில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

சர்க்கரை ஏறியது. மூன்று மாத டெஸ்டில் ஏறியது, அடுத்த மூன்று மாத டெஸ்டில் கொஞ்சம் இறங்கியது, மறு வருஷம் பூண்டும் மழையும் வந்ததும் மறுபடி ஏறியது. சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டினாள் டாக்டரம்மா. அப்போதும் ஏறியது. இதெல்லாம் மதுரையில் வங்கியில் வேலை பார்க்கிற என் மகளின் காதுக்குப் போனது, கொண்டுபோனது அவளுடைய அப்பா. போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு அவள் கேட்டாள்.

"அம்மா, உண்மையச் சொல்லு. ருசி பாக்குறேன்னு திங்கிறியா?"

"நான் எங்கடி ருசி பாக்குறேன்? ஒங்கப்பா தான திங்கிறாரு. அவரக் கேளு."

"அப்பாவுக்கு சுகர் இல்லையே."

நல்ல நியாயம். அவர் தின்கிறார், எனக்கு ஏறுகிறது.

இதற்கு நடுவில் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. மதுரைக்குப் போய் மகள் வீட்டில் தங்கினோம். அங்கே நான் ஒழுங்காக இருந்தேன் என்று சொன்னால் பொய். பாயசம் குடித்தேன். சம்பந்தியம்மா வைத்த ஜாங்கிரியை மறுக்கவில்லை, மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் வெயில் நெஞ்சுக்கு இதமாக இருந்தது, பூனைக்குட்டியைக் காணோம், மாத்திரைப் பட்டையைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று மகள் தன் வீட்டு மிஷினில் என் விரலைக் குத்தினாள். சர்க்கரை சாதுவாக இறங்கி உட்கார்ந்திருந்தது. நான் வெற்றியோடு நிமிர்ந்தேன். அவளும் வெற்றியோடுதான் நிமிர்ந்தாள்.

"பாத்தியா? ஜாங்கிரி தின்னும் கொறஞ்சிருக்கு. அப்ப அங்க எவ்ளோ தின்னுருப்ப!"

அதோடு விடவில்லை. அடுத்த டெஸ்டிலும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசி போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மகள் அதற்கு மேல் தன் தீர்ப்பையும் சேர்த்தாள்: குறையாவிட்டால் கடையை மூடிவிட்டு ரெண்டு பேரும் மதுரைக்கு வந்துவிட வேண்டும். சாக்லேட் அறையை யாராவது வாடகைக்கு எடுப்பார்கள், விசாரித்துவிட்டாளாம். நான் கணவரைப் பார்த்தேன். "அதெல்லாம் நடக்காது" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் பேரனின் காதில் இருந்த புதுக் கம்மலை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறை என்னுடையது. முதல் அச்சு வாங்க என் வளையலை அடகு வைத்தேன். சீசன் நாளில் வாசலில் வேன் வேனாக வந்து நின்று, வேறு கடையைத் தாண்டி என் கடைக்கு ஏறி வருவார்கள். ஜாங்கிரியை வேண்டுமானால் விட்டுவிடலாம், அதை விட முடியாது. மலை ஏறுகிற வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பெருமாள்மலை தாண்டியதும் கூடவே இழுப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் சாக்லேட் அறைக்குப் புதுசாக ஒரு பூட்டுப் போட்டார். சாவியைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் மாட்டி, பனியனுக்குள் விட்டுக்கொண்டார்.

"என்ன இது?"

"பூட்டு."

"கண்ணு தெரியுது. யாருக்குப் பூட்டு?"

"எலி வருது."

எங்கள் வீட்டில் எலி கிடையாது. அவ்வளவு புகையில் எந்த எலி இருக்கும்? பகலிலும் அவர் என்னை விட்டு நகரவில்லை. நான் உருக்கும்போது ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். கடைப்பக்கம் ஆள் வந்தால்கூட "உள்ள வாங்க, இங்கயே சொல்லுங்க" என்று இருந்த இடத்திலிருந்தே வியாபாரம் பண்ணினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் காப்பியில் சர்க்கரை போடுவதை நிறுத்தினேன். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணியவர் என்னைத் திருடி என்று நினைக்கிறாரே என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே வியாதி. மற்ற ரெண்டும் அதற்குப் பிறகுதான்.

டெஸ்ட் நாள் வந்தது. பழனிக்கு இறங்கினோம். நான் அவரோடு பேசவில்லை, முருகனிடம் மட்டும் பேசினேன். விஞ்சு வரிசையில் நிற்கும்போதே நெஞ்சு கனத்தது. டாக்டர் மாடிப்படியில் வழக்கமாகப் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போவேன், டாக்டருக்கு என் இழுப்பு தெரியக்கூடாது என்றில்லை, அது அவளுக்குச் சம்பந்தமில்லாத சோலி என்பதால். அன்றைக்குக் கோபத்தில் நிற்காமல் ஏறினேன்.

டாக்டரம்மா ரிசல்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். பால்காரர், ஸ்வெட்டர்க்காரி, மகள், எல்லோரிடமும் பார்த்தது.

"ஏறித்தான் இருக்கும்மா. கோச்சுக்காதீங்க, கேக்குறேன். சாக்லேட்..."

அவள் முடிப்பதற்குள் என் கணவர் எழுந்து நின்றார். பனியனுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, கயிற்றோடு கழற்றி, அவள் மேஜைமேல் வைத்தார்.

"இல்லங்க டாக்டர். இவ ஒரு துண்டு தின்னல. ராத்திரி பூட்டி நாந்தான் சாவி வச்சிருக்கேன். பகல்ல எதிர்லயே உக்காந்திருக்கேன். எங்க வேணாலும் சத்தியம் பண்றேன், மலைக்கு வேணாலும் ஏறி வந்து பண்றேன். மதுரைல ஜாங்கிரி தின்னுகூட இவளுக்குச் சக்கர கொறஞ்சுதாங்க இருந்துச்சு. வேற என்னமோ இருக்குங்க. நீங்க வேற எதாச்சும் பாருங்க."

இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அழுகையா இழுப்பா என்று தெரியவில்லை, ரெண்டும் சேர்ந்து நெஞ்சைப் பிடித்தது. பையில் கைவிட்டுப் பட்டையை எடுத்து, டாக்டர் மேஜையில் இருந்த தண்ணீரிலேயே ஒரு மாத்திரையை விழுங்கினேன்.

"அது என்னம்மா?" என்றாள் டாக்டரம்மா.

"இது ஒன்னுமில்ல டாக்டர். இழுப்புக்கு. ஒங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

"குடுங்க பாப்போம்." பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "எவ்ளோ நாளா போடுறீங்க?"

"மழ ஆரம்பிச்சதுல இருந்து. இழுத்தா போடுவேன். ரெண்டு வருஷமாவே மழக்காலம் வந்தா தெனமும் இழுக்குது."

"வேற மாத்திரை எதும் சாப்பிடுறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா."

"சர்க்கரைக்கு வேற மாத்திரையான்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

"மதுரைல சர்க்கரை கொறஞ்சுச்சுன்னு சொன்னாரே, அங்கயும் போட்டீங்களா?"

"அங்கதான் இழுக்கவே இல்லையே."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கிறாளா, தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாளா என்று தெரியவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னாள். இது ஸ்டீராய்டு மாத்திரை. நெஞ்சைத் திறந்துவிடும், அதே வேகத்தில் ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றிவிடும். நான் சாக்லேட்டைத் தொடாமலே தட்டுத் தட்டாகத் தின்ற கணக்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் உடம்பும் கனத்தால் நெஞ்சுக்கும் அது நல்லதில்லை. ஒன்று ஏறினால் மற்றதையும் கைதூக்கி விடுமாம். என் ஓரகத்திகள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கள்ளிகள், உள்ளுக்குள் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள்.

"இத நீங்களா சட்டுன்னு நிறுத்தக்கூடாதும்மா. நான் எழுதித் தர்ற மாதிரி கொறச்சுக்கிட்டு வாங்க. இனிமே வாயில வச்சு உறிஞ்சுற பம்ப்தான். நெஞ்சு டாக்டர் ஒருத்தர்கிட்டயும் அனுப்புறேன், ரெண்டு பேரும் பேசிக்கிறோம்."

"பம்ப் எடுத்தா பழகிரும்னு சொல்றாங்களே?"

"மாத்திரை மட்டும் பழகலையாம்மா?" என்றாள். என் வாயைவிட அவள் வாய் நீளம். அவள் என் கணவரிடம் திரும்பினாள். "இந்த ரெண்டு வருஷமாத்தான் இவ்ளோ இழுக்குதுங்கிறாங்க. வீட்ல புகை ஏதும் உண்டுங்களா?"

"சேச்சே, பீடி சிகரெட் பேச்சே கெடையாதுங்க," என்றார் அவர், அவமானப்பட்டவர் மாதிரி. "பூண்டுப் பொகை மட்டுந்தான்."

"என்ன புகை?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பூம்பாறைப் பூண்டின் பெருமையை ஆரம்பித்தார். கொத்தாகக் கட்டுவது, அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது, சருகு போடுவது, ஈர விறகு வைத்தால் புகை அடர்த்தியாக வரும் என்பது. "இவளுக்குச் சக்கர வந்ததுல இருந்துதாங்க நம்ம வீட்லயே போடுறோம். மருந்துக்காக. ராப்பகலா அணையாது. இவளும் அங்கனயேதான்..." என்றவர், அங்கே நிறுத்தினார். தான் சொன்னது தனக்கே காதில் விழுந்துவிட்டது. டாக்டரம்மா சாவியை மெதுவாக அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் ஆயக்குடிக் கொய்யா விற்றார்கள். காயா பழமா என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, எனக்கு ஆகிற அரைக்காயாகத் தேடி வாங்கினார். பஸ்ஸில் ஜன்னலை அவரே மூடினார். பஸ் மலை ஏற ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எலி வருதுன்னீங்களே."

"நீ திங்கலன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "எனக்குத் தெரியும்னு சொன்னா மக நம்புவாளா? ரெண்டு பேரும் சேந்துக்கிட்டுப் பொய் சொல்றீங்கம்பா. பூட்டி வச்சேன்னு சொன்னா நம்பித்தான ஆகணும்? ஒன்கிட்டச் சொன்னா நீ ஊருக்கே சொல்லுவ. அப்புறம் அது சாட்சி இல்ல, நாடகம்." ஜன்னலை இன்னொரு தரம் அழுத்திச் சாத்திவிட்டு, "இத்தன நாளா ஒனக்குச் சாட்சியா காவல் காத்தேன். கடைசில பாத்தா நாந்தான் ஒன்ன மூச்சுவிட விடாமப் பண்ணிருக்கேன்," என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. சர்க்கரை இல்லாமல் அவர் குடித்த காப்பியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது, என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு கொய்யாவை எடுத்து அவர் வாயில் திணித்தேன். "நல்லாத்தான் கெடக்கு" என்றார், வாய் நிறைய.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போனார். என்னை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு கொத்தாக இறக்கினார். மறுநாள் ஜீப்பில் எல்லாம் பூம்பாறைக்குத் திரும்பியது. மதினி போனில், "அப்ப சொந்த அடுப்புப் பொக வேணாமாக்கும்?" என்றார்கள். என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்கு மறுபேச்சு பேசினார். "ஒன் அடுப்பும் எங்களுக்குச் சொந்தந்தேன்" என்றார். மதினிக்கு அதில் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த டெஸ்டில் சர்க்கரை இறங்கியது. ஊசி வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. மகள் வாடகைக்கு ஆள் பார்த்ததைப் பற்றி மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது காலை வெயில் ஏறிய பிறகு பம்பை எடுத்துக்கொண்டு நிஜமான ரோட்டில் நடக்கிறேன். ஸ்வெட்டர்க்காரி பார்த்துவிட்டு, "பம்ப் எடுத்தா பழகிரும்" என்றாள். "பழகட்டும், ஒன்னோட பழகுனதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றேன்.

பூண்டுக் காலத்தில் அவர் பூம்பாறைக்குப் போய் அக்காவுக்கு உதவி செய்துவிட்டு வருவார். புகை வாசனையோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, குளிக்க வெந்நீர் கொடுத்து, துணியெல்லாம் மாற்றிய பிறகுதான் உள்ளே விடுவேன். பனியில் நடுங்கிக்கொண்டு நிற்பார்.

அந்தப் பூட்டு இன்னும் இருக்கிறது. கழற்றிவிடலாம் என்று அவர்தான் சொன்னார், சாவியை என் கையில் கொடுத்து. நான் வாங்கிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் நானே கதவைச் சாத்தி, நானே பூட்டி, சாவியை அவர் கழுத்தில் மாட்டிவிடுகிறேன். மகள் என்றைக்காவது மறுபடி கேட்பாள். எனக்காகச் சத்தியம் பண்ண ஒரு ஆள் வேண்டாமா?